பிரிக்காத தொகுதி

"மறுபடியும் அந்த ஓசி வாசகரா!" கணக்காளர் கைப்பேசியைச் சோபாவில் வீசினார்.

சூப்பர் ஹீரோ காமிக்ஸ் தொகுதிகளுக்கான இணையக் குழுவில் அவரும்தான் எழுதுகிறார். அட்டையின் பளபளப்பு, முதுகின் அகலம், எடை என்று அக்குவேறு ஆணிவேறாக அலசுவார். ஈ, காக்காய்கூட எட்டிப் பார்க்காது. அதே தொகுதியைப் பற்றி ஓசி வாசகர் என்ற பெயரில் எவரோ இரண்டு வரி எழுதினால் குழுவே தலையில் தூக்கி வைத்து ஆடும்.

"அப்படி என்னதான் எழுதிட்டாராம்?" வேலை முடிந்து வந்த மனைவி கேட்டாள். புத்தகக் கிடங்கில் பிளாஸ்டிக் உறை போடும் மெஷின் அவள் பொறுப்பு.

"'பறக்கத் தெரிஞ்சவன், அம்மாவைப் பார்க்க மட்டும் நடந்தே போறான்'னு. இதெல்லாம் விமர்சனமா? 'அரைவேக்காடு'ன்னு பதில் போட்டுட்டேன்."

"நல்லாத்தானே இருக்கு? நீங்களும் பிரிச்சுப் படிச்சு, கதையைப் பத்தி எழுதுங்களேன்."

"உறையைப் பிரிச்சா அப்புறம் அது பழைய புத்தகம்மா!"

ஆனால் வயிற்றெரிச்சல் விடவில்லை. அலமாரியிலிருந்து ஒரு குண்டுத் தொகுதியை எடுத்தார். மனதைக் கல்லாக்கிக்கொண்டு உறையைக் கிழித்தார்.

நடுப்பக்கத்தில் ஒரு கொண்டை ஊசி செருகியிருந்தது.

அவர் அதை உருவப்போக, மனைவி பாய்ந்து கையைப் பிடித்தாள்.

"ஐயோ, எடுத்துடாதீங்க, அடையாளத்துக்கு வச்சது! இன்னும் முடிக்கலை. நீங்க தேடுவீங்களேன்னு அவசரமா மறுபடி உறை போட்டுட்டேன். முதல்ல அந்த 'அரைவேக்காடு'ங்கிறதை அழிங்க!"