பீங்கானும் கடதாசியும்

பிரசாந்தி தொண்ணூற்றைந்து போட்டிருந்தாள். ஜெசிதா இருபது.

‘பீங்கான் கப்’, ‘கடதாசிக் கப்’. இரண்டும் எவ்வளவு ஒத்தவை?

கணினிக்குப் பொருள்களின் உறவைக் கற்றுக்கொடுப்பதுதான் இருவருக்கும் உத்தியோகம். எது எதற்கு எவ்வளவு கிட்ட என்று தனித்தனியே நூற்றுக்குப் புள்ளி போடுவார்கள். புள்ளிகள் எட்ட எட்ட விழுந்தால், இருந்து கதைத்து ஒன்றாக்க வேண்டும். மாட்டுக்கும் எருமைக்கும் ஒத்துப்போனார்கள். கிணற்றுக்கும் கேணிக்கும் கொஞ்சம் இழுபறி. கப்பில் வந்து வண்டி நின்றுவிட்டது.

அவர்கள் வேலைசெய்யும் அச்சுவேலிக் கந்தோரில் அன்றைக்குக் கரண்ட் இல்லை. அதனால்தான் ஜெசிதா முதல்முறையாகப் பிரசாந்தியின் வீட்டுக்கு வந்திருந்தாள். கந்தோரில் இருவரும் ஒரே சாப்பாட்டுப் பார்சலில் கைவைக்கிற சிநேகிதம்.

“ரெண்டிலையும் தேத்தண்ணிதானே குடிக்கிறம். பிறகென்ன வித்தியாசம்?”

“குடிக்கிறது ஒண்டுதான் பிரசாந்தி. குடுக்கிறதுதான் வேறை.”

பிரசாந்திக்குச் சிரிப்பு வந்தது. இவள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். காட்டினால் விளங்கிவிடும் என்று மேசையிலிருந்த தன் கப்பைத் தூக்கினாள். ரோசாப்பூப் போட்ட பீங்கான். மற்றக் கையால் ஜெசிதாவின் கப்பையும் எடுத்தாள்.

அது கடதாசி.

தூக்கிய கைகள் அப்படியே நின்றன.

குளிர்ப்பெட்டிக்கு மேலே அந்தக் கடதாசிக் கப் அடுக்கு எப்போதும் இருக்கும். எங்கடை ஆக்களுக்குப் பீங்கான், மற்றச் சாதிக்குக் கடதாசி. அம்மா வாய்திறந்து சொல்லாமலே நடத்திவரும் சட்டம். போன கிழமை எங்கடை ஆளான சாருஜா கந்தோரிலிருந்து வந்தபோது இதே ரோசாப்பூக் கப்பில்தான் குடித்துவிட்டுப் போனாள். ‘இந்தக் காலத்திலை ஆர் உதெல்லாம் பாக்கினம்’ என்று கந்தோரில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறவளும் இதே பிரசாந்திதான்.

அந்த இருபதை ஜெசிதா போட்டது நேற்று, இந்த வீட்டுப் படி ஏறுவதற்கு முன்பே. எத்தனை வீடுகளில் குடித்துப் பழகிப் போட்ட புள்ளியோ.

ஜெசிதா தன் கப்பை மெல்ல வாங்கி, மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். தொண்ணூற்றைந்தே இருக்கட்டும், நேரம் போகிறது, அடுத்ததைப் பார்ப்போம் என்றாள். அவள் இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் பிரசாந்திக்கு மூச்சாவது வந்திருக்கும்.

அம்மா பழைய ஆள், அவவைத் திருத்த ஏலாது என்று சொல்லப் பிரசாந்தி வாயைத் திறந்தாள்.

ஆனால் அம்மா காலையிலேயே தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்குப் போய்விட்டாள். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை என்பது ஜெசிதாவுக்கும் தெரியும்.

தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்தது பிரசாந்திதான். எந்தக் கப்பை எடுப்பது என்று அவளுடைய கை ஒரு கணமும் யோசிக்கவில்லை.