தோல் தராசில் ஒன்பது ராத்தல்

தோல் நிறுக்கும் தராசில் கிடத்தியும் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை.

பிள்ளைகளை எடை பார்க்க வேலூரிலிருந்து மோட்டாரில் வந்த நர்ஸம்மாவுக்கு, தோல் மண்டி முதலாளி அந்தத் தராசை ஒரு நாள் இரவல் கொடுத்திருந்தார். மூன்று முறை கழுவினார்களாம். வாடை மட்டும் போகமாட்டேன் என்று அதிலேயே உட்கார்ந்திருந்தது.

"ஆறு மாசத்துப் பிள்ளை ஒன்பது ராத்தலா? நீ சாப்பிடுறதெல்லாம் எங்கம்மா போவுது?"

முப்பது பெண்கள் கேட்க நர்ஸம்மா என்னைத் திட்டினார். நான் புர்காவுக்குள் இருந்தேன். திட்டு வாங்க அதைவிட வசதியான உடுப்பு கிடையாது.

பக்கத்தில் கெங்கம்மாள் நின்றாள். எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரி, மண்டியில் தோலுக்கு உப்புத் தடவுகிறவள். அவள் இடுப்பில் இருந்த தடியன் சற்றுமுன் பதினேழு ராத்தல் நின்று, நர்ஸம்மா கையால் பிஸ்கோத்து டப்பா பரிசும் வாங்கிவிட்டான். இப்போது என் புர்காவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

நர்ஸம்மா தராசில் கிடந்த பிள்ளையின் இமையை விலக்கிப் பார்த்தார். அவர் குரல் மாறிவிட்டது.

"அபின் குடுக்கிறியா?"

"அல்லா மேல ஆணையா இல்ல!"

எனக்கென்ன தயக்கம்? ஊருக்கே கேட்கும்படி சொன்னேன்.

நர்ஸம்மா பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினார். மறுபடியும், பலமாக. பூனைக்குட்டி கத்துவதுபோல ஓர் அழுகை வந்தது.

அந்த அழுகைக்குக் கெங்கம்மாளின் மாராப்பு நனைந்தது.

நர்ஸம்மா அதைப் பார்த்தார். திட்டை நிறுத்தவில்லை. என்னைத்தான் திட்டினார், கண் மட்டும் அவளிடம் போயிருந்தது.

"உனக்குப் பால் இருக்கு. குடிக்கத்தான் பிள்ளைக்கு முழிப்பு இல்ல. இன்னும் ஒரு தடவை அபின் குடுத்தா, அப்புறம் முழிக்கவே முழிக்காது. இப்பவே மோட்டார்ல ஏறி ஆஸ்பத்திரிக்குப் போ."

கெங்கம்மாள் தடியனை என் கையில் திணித்தாள். தராசில் கிடந்ததை வாரி எடுத்தாள்.

"எம்புள்ளைம்மா," என்றாள். "நான்தான் குடுத்தேன்."

வேலை நேரத்தில் பிள்ளை அழுதால் மேஸ்திரி விரட்டிவிடுவான் என்று அவள் என்னிடம் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறாள். பிள்ளையை எதைக் கொடுத்து அடக்குகிறாள் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்தத் திட்டில் பாதி எனக்கும் சேர வேண்டியதுதான்.

இத்தனை பேர் பார்க்கச் சொந்தப் பிள்ளையை எவள் தராசில் போடுவாள்? நான் நஜர் என்பேன், அவள் திருஷ்டி என்பாள், பயம் ஒன்றுதான். கண் பட்டாலும் விலாசம் தெரியாமல் அலையட்டும் என்று காலையில்தான் பிள்ளைகளை மாற்றிக்கொண்டோம். எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தோன்றிய யோசனை என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மோட்டார் அவளையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. உள்ளேயிருந்து மறுபடி அந்தப் பூனைக்குட்டி அழுகை கேட்டது. அழட்டும், நன்றாக அழட்டும்.

"அடுத்த பிள்ளை!" என்று நர்ஸம்மா கூப்பிட்டார்.

யாரும் வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். வரிசை நெடுக, சத்தமே இல்லாமல், பிள்ளைகள் பெற்றவளிடமே கை மாறிக்கொண்டிருந்தன.