சாரதா எடுத்த கலெக்ட் கால்

தொடை இரண்டும் மரக்கட்டையாய் இறுகிப்போக, திராட்சைத் தோட்டத்து மேட்டைச் சேனாபதி சைக்கிளில் ஏறி முடித்தான். உச்சியிலிருந்த சிற்றூர்க் கடை வாசலில் ஒரு பே போன் இருந்தது. வீட்டில் சாரதா ஒன்பது மாத வயிற்றோடு தனியாக இருந்தாள். "இன்னைக்கு ஒரு நாள் போகாதீங்க" என்றவளை அதட்டிவிட்டு வந்திருந்தான்.

எடுப்பவர் காசு கொடுக்கும் கலெக்ட் கால் போட்டான். அழைப்பது யார் என்று பதிவுக் குரல் பெயர் கேட்கும்போது, பெயருக்குப் பதில் சேதியைச் சொல்லிவிட வேண்டும். அவள் அதைக் கேட்டுக்கொண்டு அழைப்பை மறுத்துவிடுவாள். காசு செலவில்லை. தெரிந்த வீடுகளில் எல்லாம் அதுதான் வழக்கம்.

"நான்தான். ஒரு மணி நேரத்துல வந்துடறேன்" என்றான் வேகமாக.

அன்று அவள் அழைப்பை ஏற்றுக்கொண்டாள்.

"யாருங்க நீங்க? அவர் குரல்லயே பேசறீங்க?"

"ஏய், விளையாடாத. நான்தான்டி!"

"அவர் இப்பதான் சைக்கிள்ல வந்தார். வந்ததும் காலைல கத்துனதுக்கு சாரி கேட்டார். இப்ப என் காலை அமுக்கி விட்டுட்டிருக்கார்."

அவள் குரலில் பயமே இல்லை. பின்னால் ஓர் ஆண் குரல், அவன் குரல், "யாரா இருந்தா என்ன, வெச்சிடு சாரதா" என்றது.

இணைப்பு அறுந்தது. வீடு இருந்த பிளசன்டன் ஊருக்கு இன்னும் பன்னிரண்டு மைல். அவளிடம் அவன் கேட்க வேண்டிய மன்னிப்பு அப்படியே பாக்கி நின்றது.