கடற்காவலர் ஞானசிகாமணி

மனிதகுலத்தின் கடைசிக் கடல் ஞானசிகாமணியின் பொறுப்பில் இருந்தது. டிவிக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவே, ஒரு கண்ணாடித் தொட்டியில் இருந்தது. செத்த கடலில் மிஞ்சிய மீன்களை வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்தபோது, உலகத்திலேயே ஒன்றே ஒன்றாக மிஞ்சிய கிளிமீன் தூத்துக்குடியில் அவருக்கு வாய்த்தது. சால்வையும் கழுத்துமாக நின்று, "என் கையால் போட்டால்தான் சாப்பிடும்" என்று பேட்டியில் முழங்கினார். கடல் மீட்பு வாரியம் அதை அப்படியே நம்பியது. கடற்காவலர் பட்டம் கொடுத்து, வாசலைத் தாண்டினால் அலறும் வளையம் ஒன்றையும் காலில் பூட்டிவிட்டது.

மதுரையில் மகளுக்குக் கல்யாணம். கார் வந்து நின்றது.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்லா?" என்றாள் மனைவி வடிவம்மாள். "இப்பமாவது போனைப் போட்டு உண்மையைச் சொல்லுங்க. வளையத்தைக் கழட்டிருவாங்க."

"பட்டம் போயிருமே, வடிவு. ஊரு சிரிக்கும்."

"அப்ப தாரை வார்க்க எந்தம்பி உக்காரட்டும். நீங்க மீனோட இருங்க."

கார் போய்விட்டது. பசித்த மீன் அவரையே பார்த்தது. ஞானசிகாமணி அடுக்களைக்குப் போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்தார். அவர் ஒரு நாள்கூட அந்த மீனுக்கு இரை போட்டதில்லை.