மூன்றாவது வரியில் உடைந்த குரல்

வானொலியில் நான்காவதாகப் பேசியவளும் அந்த மூன்றாவது வரியைத்தான் சொன்னாள்.

பாடகி மார்லி டாக்கெட்டின் இரண்டாவது ஆல்பம் வந்து ஒரு வாரம் ஆகிறது. கேட்டவர்கள் போன் போட்டுக் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்தாலும் அறிவித்தார்கள், நாஷ்வில்லில் பாதிப் பேர் வேலைவெட்டியை விட்டுவிட்டுப் போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்கள். நான் என் பார்லரில் ஓப்பல் அம்மாளின் தலைமுடியை ரோலரில் சுற்றியபடி, வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு லாரி ஓட்டுநர். முதல் பாட்டின் மூன்றாவது வரியைக் கேட்டு அழுகை தாங்காமல் வண்டியை ஓரங்கட்டிவிட்டாராம்.

அடுத்து ஒரு பெரியவர். ஆல்பம் முழுக்க ஒரே ஒப்பாரி, கிட்டார் வாசிக்கவே விடவில்லை என்று திட்டினார். அவர் நூறு வயசு நல்லா இருக்க வேண்டும்.

மூன்றாமவர் தன் சர்ச்சில் மார்லிக்காகப் பிரார்த்தனை நடத்தியவர்.

"முதல் ஆல்பத்துல சும்மா கத்திக்கிட்டுக் கெடந்தா" என்றாள் நான்காமவள். "இதுல மூணாவது வரியில குரல் உடையுது பாருங்க, அதெல்லாம் பழகி வராது. பெத்தவளைப் பறிகொடுத்தவளுக்குத்தான் வரும்."



அந்த உடைசல் என்னுடையது.

பாட்டு எழுதுகிறவர்கள் அதை முதலில் என்னைப் போன்ற ஒருத்தியைப் பாட வைத்துப் பதிவு செய்வார்கள். ட்ராக் பாடுவது என்று சொல்வோம். பெரிய பாடகிகள் அதைக் காரில் போட்டுக் கேட்பார்கள். பிடித்திருந்தால் கற்றுக்கொண்டு தங்கள் குரலில் பாடிக்கொள்வார்கள். அதன் பிறகு என் குரல் யாருக்கும் தேவைப்படாது. பத்தொன்பது வருஷமாக இப்படித்தான் பாடிக்கொண்டிருக்கிறேன்.

மற்றவர்கள் மெட்டை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மார்லி நான் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கி, நான் இழுத்த இடத்தில் இழுத்து வைத்திருக்கிறாள். என் பிழையைக்கூடப் பிழையில்லாமல் பாடியிருக்கிறாள்.

செத்துப்போன அம்மாவின் எண்ணுக்கு ஞாயிறுதோறும் போன் போடுகிற மகளின் பாட்டு அது.

"பாவம் கண்ணு அந்தப் பொண்ணு, எனக்கே புல்லரிக்குது" என்றார் ஓப்பல் அம்மாள்.

ரோலரைக் கொஞ்சம் இறுக்கிச் சுற்றினேன்.

"ஏய், மெதுவா! மண்டை என்னோடது."

அப்போதுதான் ஐந்தாவது குரல் வந்தது. கென்டக்கியில் பைக்வில்லிலிருந்து ஒரு வயதான பெண்.

"நான் ரூபி டாக்கெட், மார்லியோட அம்மா. நான் இன்னும் சாகல தம்பி. காலையிலகூட பிஸ்கட்டுல கிரேவி ஊத்தி ரெண்டு தடவை தின்னேன். வெளியூர்லேர்ந்தெல்லாம் வந்து, எழவு வீட்டுக்குக் குடுக்கிற மாதிரி என் வாசல்ல காஸரோல் சாப்பாட்டை வச்சிட்டுப் போறாங்க. நிறுத்தச் சொல்லுங்க, பிரிட்ஜ்ல எடமில்ல."

பார்லரில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிகழ்ச்சி நடத்தும் ரஸ்ஸலும் சிரித்தபடியே கேட்டார்.

"அப்ப உங்க பொண்ணு எப்படி மேடம் இந்த மாதிரி பாடுறாங்க?"

"அதையேன் கேக்குறீங்க. யாரோ பாடுன ட்ராக்கை வச்சுக்கிட்டு, ஒம்பது நாளா என் சமையக்கட்டுல உக்காந்து அந்த ஒத்த வரியையே பழகுனா. எனக்குக் காது புளிச்சுப்போச்சு."

யாரோ.

சீப்பை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். பாதித் தலையோடு ஓப்பல் அம்மாள் கண்ணாடி வழியாக என்னை முறைத்தார்.

அதிசயமாக உடனே லைன் கிடைத்துவிட்டது. காத்திருக்கச் சொல்லி அந்தப் பாட்டையே என் காதில் போட்டுவிட்டார்கள். மூன்றாவது வரி வந்தது. உடைந்தாள். நன்றாகத்தான் உடைந்தாள், சனியன். ஒன்பது நாள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பழகியவள் அல்லவா.

சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டேன். அந்த யாரோ நான்தான். பெயர் ரோண்டா சைஸ்மோர். ட்ராக் பதிவானது போன வருஷம் மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. என்ன பாட்டென்று அங்கே போய்க் காகிதத்தைக் கையில் வாங்கும்வரை எனக்குத் தெரியாது. கோட்டுக்குள் கறுப்பு உடை போட்டிருந்தேன். அன்று பகல் இரண்டு மணிக்குக் குக்வில்லில் என் அம்மாவை அடக்கம் செய்யவிருந்தார்கள். வர முடியாது என்று சொல்லியிருந்தால் அடுத்த பாட்டுக்கு வேறொருத்தியைக் கூப்பிட்டிருப்பார்கள். அதனால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வரியில் குரல் போய்விட்டது. மறுபடி பாடட்டுமா என்று கேட்டேன். இதுவே அருமை என்றார் பாட்டு எழுதியவர். நான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இதைச் சொன்னால் போதும். சாயங்காலத்துக்குள் மார்லியின் பேர் நாறிவிடும். ஊர் முழுக்க என் பேரைச் சொல்லும். எனக்கு அது வேண்டும், ரொம்ப வேண்டும்.

"சொல்லுங்க மேடம்" என்றார் ரஸ்ஸல். "ஆல்பம் கேட்டீங்களா? எப்படி இருக்கு?"

வானொலியிலும் போனிலுமாக அவர் குரல் இரண்டு தடவை கேட்டது. யாரோ எட்டி வானொலியின் சத்தத்தைக் குறைத்தார்கள். பார்லரே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுக்கி வைத்ததைச் சொல்ல வாயைத் திறந்தால், பிரிட்ஜில் இடமில்லை என்ற அந்த அம்மாவின் குரல்தான் காதில் நின்றது.

"மார்லியோட அம்மா..." என்றேன். "இன்னும் லைன்ல இருக்காங்களா?"