சும்மா ஒரு கம்பெனி

இலையில் முதலில் விழுந்தது கத்திரிக்காய்த் தொக்கா, வெங்காயப் பச்சடியா? சரியாக நினைவில்லை. ஆண்டு இரண்டாயிரத்து நான்கா ஐந்தா என்பதிலும் குழப்பம்தான். முனியம்மா சொன்ன வாக்கியம் மட்டும் ஓர் எழுத்து பிசகாமல் நினைவிருக்கிறது.

ஆம்பூரில் கிரேஸி மேடத்தின் வீட்டுக் கூடம். பாயில் எதிரெதிராக இரண்டே இலைகள். பிரியாணியின் ஆவி முனியம்மாவின் முகத்தில் அடித்தது.

காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வயிறு நிறைந்திருந்தால் இன்று சொல்லப்போவதற்கு மதிப்பிருக்காது.

கம்பெனி என்றால் முனியம்மாவுக்கு ஆதியில் ஷூ கம்பெனிதான். காலையில் மாதனூருக்கு வந்து ஆளேற்றிப் போகும் அந்த பஸ்தான். கிரேஸி அங்கே சூப்பர்வைசர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேன்டீனில் முனியம்மாவின் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. ஏனென்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கிரேஸி மட்டும் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“நீ சாப்புடு முனியம்மா. நான் சும்மா கம்பெனி குடுக்குறேன்.”

அந்தச் சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் இருப்பது அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் சொல்லிப் பூரித்துப்போனாள். மறுநாளிலிருந்து டப்பாவில் கருவாடு ஒரு துண்டு கூடுதலாக வைத்தாள்.

அந்தத் துண்டு தினமும் வீடு திரும்பியது.

மேடத்துக்குப் பசிக்காது போல என்று ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒருநாள், சாப்பிட்டு வந்து உட்கார்ந்ததும் மிஷினில் ஊசி ஒடிந்தது. ஒடிந்த துண்டுகளைக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். உள்ளங்கையில் அவற்றை ஏந்திக்கொண்டு சூப்பர்வைசர் ரூமுக்குப் போனாள்.

கிரேஸியும் இன்னொரு சூப்பர்வைசர் ஹெப்சியும் ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முனியம்மாவுக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு எழுந்து வந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

முனியம்மா புது ஊசியை வாங்கிக்கொண்டு மிஷினுக்குத் திரும்பினாள். ஏழு வருஷம், ஒவ்வொரு தோலுக்கும் தையல் போடும்போது, அந்த வாக்கியத்தையும் சேர்த்துத் தைத்து வைத்தாள்.

இன்று கிரேஸி இலையில் கை வைக்காமல் அவளுக்காகக் காத்திருந்தாள்.

முனியம்மா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க சாப்புடுங்க மேடம். நான் சும்மா கம்பெனி குடுக்குறேன்.”

பரிமாறிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. கண்ணாடி வளையல்களின் சத்தம் அடங்கியது. அந்தக் கையை முனியம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் பார்த்தது கிரேஸியின் முகத்தை மட்டும்தான்.

அந்த முகம் கறுத்தது. புரிந்துவிட்டது. முனியம்மாவுக்கு அது போதும். பசிகூட அடங்கிவிட்டது போலிருந்தது.



பிறகு கிரேஸி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடத் தொடங்கினாள். நிதானமாக, கடைசிப் பருக்கைவரை. இலையை மடித்த பிறகுதான் வாய் திறந்தாள்.

“உங்க பொண்ணு ஆக்குனது, சம்பந்தி.”

கரண்டியோடு நின்றிருந்தாள் வளர்மதி. கிரேஸியின் மகன் ஜோவினுக்கும் அவளுக்கும் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் முடிந்து பதினொரு நாள். புகுந்த வீட்டில் அவள் ஆக்கிய முதல் சமையல் அது.

முனியம்மா மடியிலிருந்து கையை எடுத்தாள். அதற்குள் மகள் குனிந்து அம்மா தொடாத அந்த இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கிரேஸி மறு வருஷம் வேலையை விட்டாள். இப்போது உயிரோடு இல்லை. ஹெப்சி பெங்களூரில் மகனோடு இருக்கிறாள். கம்பெனி பஸ் மாதனூருக்கு இன்னும் வருகிறது, முனியம்மா அதில் ஏறுவதில்லை. மாதம் ஒருமுறை மகள் வீட்டுக்குப் போகிறாள். வளர்மதி ஒரு குறையும் வைக்காமல் பரிமாறிவிட்டு எதிரே உட்காருகிறாள். அம்மா கை கழுவிய பிறகுதான் அவள் தட்டெடுக்கிறாள்.