எழுத்துக்கு ஓர் எண்

உலகத்தில் எந்தப் பெண்ணின் கதையையும் நான்கே எழுத்தில் சொல்லி முடித்துவிடலாம்.

இதை அவன் விளையாட்டாகச் சொல்வதில்லை. பேறுகால வார்டில் பயிற்சி மருத்துவனாகச் சேர்ந்த முதல் வாரமே கண்டுகொண்டான். காவியம் எழுதியவர்களுக்கு இந்த வித்தை தெரியாமல் போனதில் அவனுக்கு உண்மையாகவே வருத்தம்.

ஜி. எத்தனை முறை உண்டானாள்.

பி. எத்தனை முறை பெற்றாள்.

எல். எத்தனை உயிரோடு இருக்கின்றன.

ஏ. எத்தனை தங்காமல் போயின.

எழுத்துக்கு ஓர் எண். தீர்ந்தது கதை. அடுத்த ஆள்.

வருகிறவர்களுக்கு அது புரிந்தால்தானே. எண்ணைக் கேட்டால் ஊர்க்கதையை எடுத்தார்கள்.

விடியலிலிருந்து நின்று கால் கடுத்துப்போயிருந்தது. சாப்பிடவில்லை. குரலில் உயிரில்லாமல் எதிரே இருந்தவளைக் கேட்டான்.

"இது எத்தனாவதும்மா?"

"அது வந்துய்யா, எங்க மைனி வீட்டுச் சடங்குக்குப் போயிருந்தோம்லா. பஸ்ஸுல ஒரே கூட்டம்..."

"பஸ்ஸை விடுங்க. நம்பரைச் சொல்லுங்க."

அவள் யோசித்தாள். "நம்பர் பாக்கலியேய்யா. கூட்டத்துல எங்க பாக்க?"

பக்கத்து மேசையில் ஹெப்சிபா சிரிப்பை அடக்கினாள். அவனோடு படித்தவள்தான், ஆனால் வேறு ரகம். "அது வந்து" என்று ஒருத்தி ஆரம்பித்தால் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்பாள். அவளுடைய வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்.

"நீ டாக்டரா, கதாகாலட்சேபம் கேக்க வந்தவளா?" என்றான்.

"கேட்டா என்னல, தேஞ்சா போவே?"

மதியம் வரிசை வடிந்த நேரத்தில் ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது.

படுத்திருந்தது அவனுடைய அக்கா.

ஏழாம் மாதம். சேலையில் ரத்தம்.

"ஏல தம்பி," என்றாள். "காலையிலருந்து அசைவே இல்லல."

திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். பெரிய டாக்டரம்மா உள்ளே போனார். அவனை வெளியே நிற்கச் சொன்னார்.

துடிப்பைத் தேடும் கருவியின் இரைச்சல் கேட்டது.

வெறும் இரைச்சல்.

ஹெப்சிபா கேஸ் ஷீட்டை எடுத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஜி பி எல் ஏ சொல்லுல."

மூன்று. ஒன்று. சுழியம். ஒன்று.

அவனுக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

"மூணு," என்றான்.

"ம்."

"ஒண்ணு."

"ம்."

எல் என்ற எழுத்துக்கு வந்ததும் வாய் எழவில்லை.

ஹெப்சிபா காத்திருந்தாள். திரைக்குள் கருவி இடம் மாறி மாறி இரைந்தது.

நோயாளிகள் உட்காரும் ஸ்டூலை இழுத்து அவன் உட்கார்ந்தான்.

"அது வந்து ஹெப்சி..."

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"கல்யாணமான வருஷம், ஆடிக்கு அக்காவைக் கூப்பிட்டு வரப் போயிருந்தோம்லா. நானும் அப்பாவும். திரும்பி வாரப்போ பஸ்ஸுல ஒரே கூட்டம்..."